தெரியாத கைப்பிடியைக் குழந்தை ஏன் வரைகிறது?

ஒரு காபி கப்பை மேசைமேல் வையுங்கள். கைப்பிடி பின்பக்கம் மறைந்துபோகும்படி திருப்பி, முன்பக்கத்தில் ஒரு பூப்படம் தெரியும்படி செய்யுங்கள். எதிரே 6 வயதுக் குழந்தையை உட்காரவைத்து, "உன் கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே வரை, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். குழந்தை கப்பை வரையும். அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியையும் வளைத்துப் போடும். எதிரே பளிச்சென்று தெரிகிற பூவை விட்டுவிடும்.

1972-இல் நார்மன் ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். சின்னவர்கள் கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியைச் சேர்த்தார்கள், தெரிகிற பூவைத் தவிர்த்தார்கள். 8 வயதை ஒட்டித்தான் நிலைமை தலைகீழானது. முதல் பார்வைக்கு இது கவனக்குறைவு என்றே படும். ஆனால் குழந்தையின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். கைப்பிடி இல்லாவிட்டால் அது கப் என்று யாருக்குத் தெரியும்? டம்ளர் என்று நினைத்துவிட மாட்டார்களா? பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கப் கப்தான். எது முக்கியம், எது அலங்காரம் என்று குழந்தை துல்லியமாகப் பிரித்துவிட்டது.

இதைவிடச் சுவாரசியமான பகுதி 1983-இல் வந்தது. டேவிஸ் என்ற ஆய்வாளர் ஒரு கப்புக்குப் பதிலாக இரண்டு கப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கைப்பிடி தெரியும், மற்றொன்றில் தெரியாது. அதே சின்ன வயதுப் பிள்ளைகளில் பலர் இப்போது இரண்டாவது கப்பைக் கைப்பிடி இல்லாமல் வரைந்தார்கள்! அவர்களுக்குப் புதிதாக யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை. கேள்விதான் மாறியிருந்தது. தனிக் கப் முன்னால் இருந்தபோது "இது என்ன பொருள்?" என்ற கேள்விக்கு விடை வரைந்தார்கள். இரண்டு கப் இருந்தபோது "இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்ற கேள்விக்கு விடை வரைந்தார்கள்.

தொடக்கப் பள்ளியில் ஓவியமும் வடிவமைப்பும் கற்பிப்பது பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இந்த இரண்டு கப்களுக்குள் அடக்கிவிடலாம். குழந்தையின் படம் ஒரு விடை. அந்த விடையைச் சிவப்பு மையால் திருத்துவதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டால் விடை தானாக மாறுகிறது.

மொரீன் காக்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளையாட்டாகவே செய்தார். ஒரு பொருளுக்குப் பின்னால் பாதி மறைந்த இன்னொரு பொருளை வரையச் சொன்னால் 4, 5 வயதுப் பிள்ளைகள் இரண்டையும் முழுசாக, தனித்தனியாக வரைவார்கள். காக்ஸ் அதையே போலீஸ்-திருடன் கதையாக மாற்றினார். திருடன் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான், தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஒளிவது என்றால் என்ன என்பது எந்தக் குழந்தைக்குத் தெரியாது? சுவருக்கு மேலே தலை மட்டும் முளைத்த படங்களை 4 வயதுப் பிள்ளைகள்கூட வரைந்து கொடுத்தார்கள். ஒரு பொருள் இன்னொன்றை மறைப்பதைப் படத்தில் காட்டும் வித்தை, ஒரு கதையின் தூண்டுதலால் வந்துவிட்டது.

இனி கைக்கு வருவோம். வரைவது கண்ணும் மனமும் மட்டும் செய்கிற வேலை இல்லை.

மனித மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாக இருக்கும். சில மாதங்களில் இரண்டு எலும்புகள் தலைகாட்டும். பிறகு ஏறத்தாழ வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்து, பள்ளியில் சேரும் வயதை ஒட்டித்தான் ஏழு எலும்புகள் புலப்படும். எட்டாவது எலும்பு பட்டாணி அளவே இருக்கும். அது தெரிவதற்கு 9 வயதோ அதற்கு மேலோ ஆகலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கூர்மையான பென்சிலைக் கொடுத்து, சின்னப் பெட்டிக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டு என்று சொல்லும்போது, இன்னும் கட்டி முடிக்காத ஒரு கருவியைத்தான் நுட்ப வேலைக்கு அனுப்புகிறோம்.

சின்னக் குழந்தை கிறுக்குவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலில் கிரேயானை உள்ளங்கைக்குள் முழுசாக மடக்கிப் பிடிக்கும். கோடு தோளிலிருந்து வரும், கை முழுவதும் சேர்ந்து ஆடும். சில மாதங்களில் அசைவு முழங்கைக்கு இறங்கும். அப்புறம் மணிக்கட்டுக்கு. 4 வயதிலிருந்து 6 வயதுக்குள்தான் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கிற பிடி கைவரும். அதனால்தான் நல்ல ஓவிய ஆசிரியர்கள் சின்ன வகுப்புகளில் சின்னத் தாளைத் தருவதில்லை. பழைய காலண்டரின் பின்பக்கம், தரையில் விரித்த சார்ட், சுவரில் ஒட்டிய செய்தித்தாள் என்று பெரிய பரப்பைத் தேடுகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இதே காரணத்தால் சிறப்பாக வேலை செய்திருக்க வேண்டும். மணலில் பெரிதாக எழுதலாம். பிடிக்க எதுவும் வேண்டாம். தப்பைக் கையால் தடவினால் போதும். 1790-களில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்து வியந்து தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது இங்கிலாந்துப் பள்ளிகள் வரை போனது.

சான் பிரான்சிஸ்கோவில் ரோடா கெல்லாக் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை பல ஆண்டுகள் குழந்தைகளின் படங்களைச் சேர்த்தார். கடைசியில் அவரிடம் சுமார் 10 லட்சம் படங்கள் சேர்ந்தன. பார்ப்பவர்களுக்கு வெறும் கிறுக்கலாகத் தெரிந்தவற்றில் அவர் 20 அடிப்படைக் கிறுக்கல் வகைகளைப் பிரித்துக் காட்டினார். புள்ளி, படுக்கைக்கோடு, நெடுங்கோடு, வளைவு, சுழி, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் வட்டம். அவரது வகைப்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கிறுக்கலிலும் ஒழுங்கைத் தேடலாம் என்று அவர் காட்டியது நிலைத்துவிட்டது.

கிறுக்கலில் ஒரு நாள் பெரிய நிகழ்ச்சி ஒன்று நடக்கிறது. சுற்றிக்கொண்டே போன கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்கிறது. உள்ளே, வெளியே என்று தாள் இரண்டாகப் பிரிகிறது. உள்ளே இரண்டு புள்ளி வைத்தால் முகம். கீழே இரண்டு கோடு இழுத்தால் ஆள். கழுத்து கிடையாது, வயிறு கிடையாது, தலையிலிருந்தே கால் இறங்கும். ஆய்வாளர்கள் இதற்குத் தலைப்பிரட்டை மனிதன் என்று பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வயிறு என்ற ஒன்று இருப்பது 3 வயதுக் குழந்தைக்குத் தெரியாதா? தொப்புளைக் காட்டு என்றால் சட்டையைத் தூக்கிக் காட்டும். அப்படியானால் ஏன் விடுகிறது? 1975-இல் ஃப்ரீமன் ஒரு தந்திரம் செய்தார். தலையும் உடலும் ஏற்கெனவே வரைந்த உருவங்களைக் குழந்தைகளிடம் கொடுத்து, கைகளை மட்டும் சேர்க்கச் சொன்னார். சில உருவங்களில் தலை பெரிது, சிலவற்றில் உடல் பெரிது. எது பெரிதாக இருந்ததோ அதில்தான் தலைப்பிரட்டைப் பருவப் பிள்ளைகள் கைகளை ஒட்டினார்கள். உடல் எது என்ற அறிவில் குறையில்லை. எதை முதலில் போடுவது, எங்கே இடம் இருக்கிறது, அடுத்ததை எதில் இணைப்பது என்று தாளின்மேல் எழுகிற திட்டமிடல் சிக்கல் அது. வெற்றுத்தாளில் ஓர் ஆளை நிறுத்துவது எத்தனை முடிவுகளை எடுக்கவேண்டிய வேலை என்பதை நாம் வளர்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

இந்தச் சிக்கல் எந்தக் காலத்துக்கும் பொது. ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் ஈரமண்ணுக்குள் காற்றுப் புகாமல் புதைந்து கிடந்த பிர்ச் மரப்பட்டைகளைத் தொல்லியலாளர்கள் 1951 முதல் தோண்டி எடுத்துவருகிறார்கள். 1956-இல் ஒரு சிறுவனின் பயிற்சிப் பட்டைகள் கூட்டமாகக் கிடைத்தன. அவன் பெயர் ஓன்ஃபிம். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். 6 அல்லது 7 வயது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பட்டையில் எழுத்துகளை வரிசையாகக் கீறத் தொடங்கி, பாதியில் அலுத்துப்போய், குதிரைமேல் அமர்ந்து எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்திருக்கிறான். அந்த வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயரையே எழுதிவைத்திருக்கிறான்! இன்னொன்றில் ஒரு விலங்கு. நான் ஒரு மிருகம் என்று அதன் அருகே எழுத்து. அவன் வரைந்த ஆட்களின் கைகளைப் பாருங்கள். குச்சி போன்ற கையின் நுனியில் பரம்புபோல விரல்கள். ஒரு கையில் மூன்று, இன்னொன்றில் அதிகம், எண்ணிக்கையில் ஒழுங்கே இல்லை. கைக்கு ஐந்து விரல் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நுனியிலிருந்து பிரியும் பல கோடுகள் என்றாலே விரல் என்று புரிந்துவிடுகிறது அல்லவா? எண்ணுவது அந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை. 750 ஆண்டுகள் கழித்து இன்று ஒன்றாம் வகுப்பு ஓவிய நோட்டில் இதே விரல்களைப் பார்க்கலாம்.

இப்படித் தெரிந்ததை வரையும் போக்குக்குப் பிரெஞ்சு ஆய்வாளர் ழார்ழ்-ஆன்ரி லூக்கே வைத்த பெயரைத் தமிழில் அறிவு மெய்ம்மை என்று சொல்லலாம்; கண்ணுக்குத் தெரிவதை வரைவது காட்சி மெய்ம்மை. தன் மகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கூர்ந்து பார்த்து 1913-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அறிவு மெய்ம்மையின் கண்டுபிடிப்புகள் அசாத்தியமானவை. பஸ்ஸின் பக்கச் சுவர் வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள் தெரியும். அம்மாவின் சேலை வழியாக வயிற்றுக்குள் இருக்கும் தம்பிப்பாப்பா தெரியும். மாட்டுவண்டிக்கு இரண்டு சக்கரமும் முழு வட்டமாக இருபுறமும் விரிந்து கிடக்கும். மலைச்சரிவில் நிற்கும் மரம் சரிவுக்குச் செங்குத்தாக, கீழே விழப்போவதுபோலச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு பகுதிக்கும் அதை நன்றாக அடையாளம் காட்டும் கோணத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்ப்பதுதான் இதில் உள்ள உத்தி. பழைய எகிப்திய ஓவியர்கள் பக்கவாட்டு முகத்தில் நேர்க் கண்ணையும், நேர்த் தோளுக்குக் கீழே பக்கவாட்டுக் கால்களையும் வைத்ததும் இதே உத்தியால்தான். அது ஒரு நாகரிகத்தின் கலையாகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்றது.

பிறகு ஒரு கட்டத்தில், வருத்தம் தரும் மாற்றம் ஒன்று வருகிறது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "உனக்குப் பிடித்ததை வரை" என்று சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஒரு கூரைவீடு, ஒரு தென்னைமரம், வானத்தில் பறவைகளாக மூன்று ஆங்கில "வி". மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதையே வரையும். கடலோரத்துப் பிள்ளையும் இதையே வரையும். 1970-களில் அமெரிக்காவின் ப்ரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் இணையர் இதை ஆராய்ந்து, பிள்ளைகள் படங்களைப் பெரும்பாலும் மற்ற படங்களிலிருந்தே கற்கிறார்கள் என்று எழுதினார்கள். அண்ணனின் நோட்டு, பக்கத்துப் பெஞ்சு, காமிக்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ அவை வருகின்றன. இதைக் காப்பி என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. மொழியைக் கற்பதும் இப்படித்தானே? ஆஸ்திரேலியாவின் மத்தியப் பாலைநிலத்தில் வாழும் வார்ல்பிரி மக்களின் மணல் ஓவியங்களில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்பது குதிரைலாடம் போன்ற ஒரே ஒரு வளைவு. மணலில் அமர்ந்தவர் எழுந்தபின் பதிந்திருக்கும் தடம் அது. அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் லாட வடிவ ஆளையும், நமக்குப் பழக்கமான தலை-உடல்-கால் ஆளையும் ஒரே படத்துக்குள் கலந்து வரைவதை மொரீன் காக்ஸ் பதிவுசெய்திருக்கிறார். இரண்டு மொழி பேசும் குழந்தைகள் அவர்கள்.

மலை-சூரியன்-ஆறு படத்தில் என் கவலை வேறு. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஐந்து வருடம் திரும்பத் திரும்ப எழுதவிட்டுவிடுகிறோம். உளவியலாளர் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித் 1990-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. பிள்ளைகளிடம் முதலில் ஒரு வீட்டை வரையச் சொன்னார். பிறகு "எங்கேயும் இல்லாத ஒரு வீட்டை வரை" என்றார். 5 வயதை ஒட்டியவர்கள் ஜன்னலின் வடிவத்தையோ அளவையோ மாற்றினார்கள், அல்லது கதவை நீக்கினார்கள். 8 முதல் 10 வயதுள்ளவர்களோ வீட்டுக்கு இறக்கை முளைக்கவைத்தார்கள், பாகங்களை இடம் மாற்றினார்கள், வேறு இனத்துப் பொருளை நடுவில் நுழைத்தார்கள். சின்னவர்களின் கையில் வீடு என்பது சுவர், கூரை, கதவு, ஜன்னல் என்று தொடங்கினால் முடியும்வரை நிற்காமல் ஓடும் பழக்கம். அதை நடுவில் நிறுத்தி வேறொன்றைச் செருகுவது அவர்களுக்குக் கடினம். ஆனால் அடுத்து வந்த ஆய்வுகளில், கொஞ்சம் கைகொடுத்தால் சின்னவர்களும் அதைச் செய்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆசிரியருக்கு இதில் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது! "கூரையிலிருந்து ஆரம்பி", "மீன்கள் குடியிருக்கும் வீடு வரை", "இந்த வீட்டுக்குள் யானை எப்படி நுழையும்?" என்று ஒரு சின்ன நிபந்தனை போட்டால் போதும், ஓடிப் பழகிய கை நின்று யோசிக்கும்.

வண்ணப்பெட்டியைத் திறந்தால் இயற்பியல் வகுப்பு தொடங்கிவிடுகிறது. சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரும் என்று பாடம் சொல்கிறது. பிள்ளை கலக்கிறது, சேற்று நிறம் வருகிறது. பிள்ளை தப்புச் செய்யவில்லை. சிவப்பு வண்ணப்பொடி வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. பெட்டியில் உள்ள நீலம் சிவப்பை விழுங்குகிறது. இரண்டையும் கலந்தால் ஒன்று விட்டுவைத்ததை மற்றது விழுங்கிவிடும். கண்ணுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வண்ணங்கள் இப்படி ஒளியிலிருந்து கழித்துக்கொண்டே போவதைக் கழித்தல் கலப்பு என்பார்கள். சிவப்புக்குப் பதிலாக ரோஸ் வண்ணத்தைக் கொடுத்துப் பாருங்கள். ரோஸ், சிவப்பு ஒளியோடு நீல ஒளியையும் திருப்பி அனுப்பும். அதனால் நீலத்தோடு கலக்கும்போது நீல ஒளி பிழைத்துக்கொள்ளும், பளபளக்கும் ஊதா கிடைக்கும். மஞ்சளும் நீலமும் பச்சையாவது ஏன்? இரண்டுமே பச்சை ஒளியைக் கொஞ்சம் விட்டுவைக்கின்றன. அச்சகத்தில் சிவப்பு, நீல மைக்குப் பதிலாக ரோஸ் சாயல் மஜந்தாவும் வெளிர்நீலச் சயானும் இருப்பதன் காரணமும் இதுதான்.

செல்போன் திரையில் ஒரு துளி நீர் விட்டால் அது உருப்பெருக்கிக் கண்ணாடியாகி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். அங்கே சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்! திரையில் ஒளியோடு ஒளி கூடுகிறது, தாளில் ஒளி கழிகிறது. நம் கண்ணின் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம் இருந்தாலும் வகை மூன்றுதான். உலகத்து நிறம் அத்தனையும் இந்த மூன்று வகை செல்களின் ஒப்பீட்டில் பிறக்கிறது. "உனக்குத் தெரிந்த பச்சையை எல்லாம் செய்து காட்டு" என்று சொல்லி மஞ்சளும் நீலமும் மட்டும் கொடுத்தால், வாழைக்குருத்திலிருந்து பாசிக்குளம் வரை ஒரு வகுப்பு கண்டுபிடித்துவிடும். இலை பச்சை, வானம் நீலம் என்ற ஒற்றைச் சொல் அதன்பின் அவர்களுக்குப் போதாது.

களிமண்ணை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். களிமண் துகள்கள் தட்டையானவை. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தட்டுகளுக்கு நடுவே நீர்ப்படலம் இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, அழுத்திய வடிவத்தில் நிற்கவும் செய்கின்றன. காயும்போது நீர் வெளியேறித் தட்டுகள் நெருங்கும், பொம்மை சுருங்கும். யானையின் காது மெல்லியது, சீக்கிரம் சுருங்கும். தலை தடிமன், மெதுவாகச் சுருங்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் இழுப்பதால் இணைப்பில் விரிசல் விடும். ஒட்டும் இடங்களைக் கீறிவிட்டு, தண்ணீரில் குழைத்த களிமண்ணைப் பூசி அழுத்தினால் விரிசல் குறையும். "உன் யானைக்கு ஏன் காது விழுந்தது?" என்ற கேள்வியை இரண்டாம் வகுப்பு மிகவும் அக்கறையோடு விவாதிக்கும்.

வடிவமைப்பு என்ற சொல் பெரிய கம்பெனிகளுக்கு உரியதுபோல ஒலிக்கிறது. அது மழலையர் பள்ளியில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஜெர்மனியில் 1837-இல் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, பிறகு அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல், வரிசையாகச் சில விளையாட்டுப் பொருள்களை உருவாக்கினார். கம்பளிப் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம், கட்டைகள், குச்சிகள், ஊறவைத்த பட்டாணி. அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டுக்கு அவருடைய அம்மா வாங்கித்தந்தவை இந்தக் கட்டைகள்தான். 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அம்மா அவற்றைப் பார்த்தார். அந்தக் கட்டைகளின் தொடுவுணர்வு வாழ்நாள் முழுக்க விரல்களில் தங்கியதாக ரைட் எழுதியிருக்கிறார்.

குச்சியும் பட்டாணியும் இன்னொரு சிறுவனிடம் போயின. பிற்காலத்தில் வடிவமைப்பாளரான பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குச் சின்ன வயதில் பார்வை மிக மோசம், கண்ணாடியும் அணிவிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் தாம் பார்த்த வீடுகளைப்போலச் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். ஃபுல்லருக்கு வீடு எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரியாது. தள்ளிப் பார்த்து, தடவிப் பார்த்து, எது ஆடாமல் நிற்கிறதோ அதைக் கட்டினார். அது முக்கோணங்களால் ஆனது. பெரியவரானதும் அந்த வடிவத்தின் வளர்ச்சியான கூரைச் சட்டத்துக்கு 1961-இல் காப்புரிமை பெற்றார். நம் வகுப்பறைக்கு ஈர்க்குச்சியும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் போதும். நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்து ஒரு மூலையை விரலால் தள்ளினால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால், மூலைகள் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் அது சாயாது. மூன்று பக்கங்களின் நீளம் தீர்மானமாகிவிட்டால் கோணங்களும் தீர்மானமாகிவிடுகின்றன. அசைய வழியே இல்லை. மறுநாள் கடலை காய்ந்து குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் பிள்ளைகள் பிறகு முக்கோணங்களை எண்ணத் தொடங்குவார்கள்.

பிள்ளைகளுக்கு வடிவமைப்பில் பெரியவர்களைவிட ஒரு அனுகூலம் இருக்கிறது. வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய போட்டி ஒன்றை டாம் வுஜெக் பலரிடம் நடத்திப் பார்த்து 2010-இல் பேசினார். 20 ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், மெத்தென்ற ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், 18 நிமிடம். உச்சியில் மிட்டாயை வைத்து உயரமான கோபுரம் கட்டவேண்டும். மேலாண்மைப் படிப்பு முடித்தவர்கள் யார் தலைவர் என்று பேசி, திட்டம் போட்டு, கட்டி முடித்துக் கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைத்தார்கள், கோபுரம் சரிந்தது. மழலையர் பள்ளியை முடித்த பிள்ளைகள் முதலிலேயே மிட்டாயை ஒரு குச்சியில் குத்தி நிறுத்திப் பார்த்தார்கள், விழுந்ததும் மாற்றிக் கட்டினார்கள், திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். சராசரியில் பிள்ளைகளின் கோபுரமே உயரம். செய், பார், மாற்று என்ற இந்தச் சுழற்சியைத்தான் வடிவமைப்பாளர்கள் முன்மாதிரி செய்தல் என்று கல்லூரியில் மறுபடி கற்றுக்கொள்கிறார்கள்.

நம் வாசலில் இருக்கும் பாடத்தைச் சொல்லாமல் விடமுடியாது. "7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி." வார இதழ்களின் கோலப் பக்கத்தில் இந்த ஒரு வரிதான் இருக்கும். நடுவரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைந்து, ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உட்கார, மொத்தம் 37 புள்ளி. அறுகோண வலை ஒன்று தரையில் உருவாகிவிடும். அதையே "7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்று மாற்றினால் 7, 5, 3, 1 என்று குறைந்து 25 புள்ளி, வலை சதுரமாகிவிடும். மூன்றே சொல்லில் ஒரு முழு வலையை இன்னொருவருக்கு அனுப்பமுடிகிறது. 1974-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை வைத்து வரிசை இலக்கணங்கள் பற்றி எழுதினார்கள். ஒரு படத்தைச் சில விதிகளிலிருந்து திரும்பத் திரும்பப் பிறக்கவைக்கும் கணினி அறிவியல் அது. நான்காம் வகுப்பில் இதைக் கேள்வியாக்கலாம். "புள்ளிகளைச் சுற்றிப் போகிற ஒரே கோடு, தொடங்கிய இடத்திலேயே முடியவேண்டும். எந்தப் புள்ளிக் கணக்கில் ஒரே கோட்டில் முடிகிறது, எதில் இரண்டு கோடு தேவைப்படுகிறது?" பதிலைப் பலப்பத்தால் தரையில் தேடட்டும். பாட்டிகளிடம் போய்க் கேட்டுவரட்டும்.

9, 10 வயதில் ஒரு வாக்கியம் வகுப்பில் கேட்கத் தொடங்கும்: "எனக்கு வரைய வராது டீச்சர்." காட்சி மெய்ம்மை இப்போது பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது, கை இன்னும் அறிவு மெய்ம்மையில் நிற்கிறது. நாற்காலிக்கு நான்கு காலும் ஒரே நீளம் என்று மனம் சொல்கிறது, கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை, மனம்தான் ஜெயிக்கிறது. படம் கோணலாகிறது. பலர் இந்த இடத்தில்தான் வரைவதை நிறுத்துகிறார்கள். பெரியவர்கள் பலருடைய படங்கள் 10 வயதுப் பிள்ளையின் படம் போலவே இருப்பது அதனால்தான்.

இங்கேயும் கேள்வியை மாற்றுவது உதவுகிறது. ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இல் எழுதிய நூலால் பரவலான ஒரு பயிற்சி உண்டு. வலது மூளை, இடது மூளை என்று அவர் சொன்ன விளக்கத்தை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி மட்டும் அருமையாக வேலை செய்கிறது. ஒரு முக்காலியை மேசைமேல் வைத்து, "முக்காலியை வரையாதே. கால்களுக்கு நடுவே தெரிகிற காலி இடங்களை மட்டும் வரை" என்று சொல்லவேண்டும். காலி இடத்துக்குப் பெயர் கிடையாது. இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனத்துக்கு அதைப் பற்றி எந்த முன்முடிவும் கிடையாது. சாய்ந்த முக்கோணமா, நெளிந்த நாற்கோணமா என்று கண்தான் பார்த்தாகவேண்டும். காலி இடங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் வந்து சேர, அவற்றுக்கு நடுவே மிஞ்சுகிற வெள்ளையில் முக்காலி சரியான கோணத்தில் நிற்கும். சட்டம் கட்டிய அட்டை ஒன்றில் சிறு ஜன்னல் வெட்டி, அதன் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னால் வேலை இன்னும் எளிது. முக்காலிக்குப் பிறகு குடை, பிறகு இலைகளோடு ஒரு வேப்பங்கொப்பு. சைக்கிளை ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; ஆரக்கம்பிகளுக்கு நடுவே காலி இடம் நிறைய இருக்கிறது.